உங்களுக்குத் தெரியுமா? வறட்சியை மோப்பம் பிடிக்கும் வானம், மாட்டுக்குப் பந்தி வைக்கும் மரம்!

பெங்களூரு மர்பி டவுன்காரர்களே, கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்! 747 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றுகிறது. கீழே மண்ணில் ஈரம் இருக்கிறதா, வறண்டுவிட்டதா என்று அங்கிருந்தே கணக்குப் பார்க்கிறது. பெயர் நிசார். நாசாவும் இஸ்ரோவும் கைகோத்துச் செய்தது. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எடை 2,392 கிலோ!

நள்ளிரவா? அதற்குத் தெரியும். கருமேகம் மூடியிருக்கிறதா? அப்போதும் தெரியும். வெளிச்சத்தை நம்பாமல் ரேடார் அலையால் பார்க்கிற கண் அது! விண்வெளியில் விரித்துப் பிடித்திருக்கும் வலைக்குடையின் அகலம் 12 மீட்டர். 12 நாளில் உலகத்தின் நிலத்தை இரண்டு தடவை வருடிவிடும். இதைப் பூட்டி, சோதித்து, வழியனுப்பி வைத்த ஊர் எது? சாட்சாத் நம்ம பெங்களூருதான்!

வறட்சியைக் கண்காணிக்க என்றே தனிப் பிரிவு தொடங்கிய முதல் இந்திய மாநிலம் எது? கர்நாடகம்! ஆண்டு 1988. அன்று அதன் பெயர் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவு. இன்று அது வளர்ந்து, எலகங்காவில் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக நிற்கிறது. அந்த வாசல் வழியாகத் தினமும் எத்தனை பேர் பஸ்ஸில் போகிறார்கள்! உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதுண்டா?

நான் சொல்கிறேன். கர்நாடகம் முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட தானியங்கி மழைமானிகள். கிட்டத்தட்ட ஊராட்சிக்கு ஒன்று. வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, 15 நிமிடத்துக்கு ஒரு முறை எலகங்காவுக்குத் தகவல் அனுப்புகின்றன. ஒரு மானி ஒரு நாளில் தகவல் அனுப்புவது 96 முறை!

அதே மையத்தில் 'வருண மித்ரா' என்று ஒரு தொலைபேசிச் சேவை. நடுராத்திரி இரண்டு மணிக்கு விவசாயி கூப்பிட்டு "நாளைக்கு எங்க ஊரில் மழை வருமா? விதைக்கலாமா?" என்று கேட்கலாம். 24 மணி நேரமும் பதில் உண்டு!

எவ்வளவு பெய்தால் அது 'மழை நாள்'? 2.5 மில்லிமீட்டர். இதுதான் இந்திய வானிலைத் துறையின் கணக்கு. 2.4 பெய்தால் அது மழை நாளே இல்லை! சின்ன அளவு என்று நினைக்காதீர்கள். ஒரு ஏக்கரில் 2.5 மில்லிமீட்டர் பெய்தால் இறங்கும் தண்ணீர் எவ்வளவு தெரியுமா? 10,000 லிட்டருக்கும் மேல்! ஒரு முழு டேங்கர் லாரி!

மழைமானியை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்றுதானே நினைத்தோம்? கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே அது இருக்கிறது. தானியக் கிடங்கின் முன்னால், ஒரு முழ வாய் அகலத்தில் ஒரு பாத்திரம். அதில் விழுந்த மழையை அளந்துதான் விதைப்பு! கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில் மழைமானி வந்தது 1441-ல். நாம் அதற்கும் பல நூற்றாண்டு மூத்தவர்கள்!

1988-ஐ மறக்காதீர்கள். அந்த ஒரே வருடத்தில் நடந்தவை மூன்று. பெங்களூரில் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவு. பெங்களூரில் உருவான, முழுநேரப் பயன்பாட்டுக்கு வந்த முதல் இந்தியத் தொலையுணர்வு செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.1ஏ விண்ணில். ஜான்சியில் மரமும் பயிரும் சேர்ந்த வேளாண் காடுகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம். அதற்கு முந்தைய வருடத்தையும் பாருங்கள். 1987-ல் நாடு முழுக்கப் பருவமழை 19 சதவீதம் பொய்த்தது!

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஐ.ஆர்.எஸ்.1ஏ ஏவப்பட்ட நாள் மார்ச் 17. நிலத்தடி நீரை வானத்திலிருந்து எடைபோட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட நாளும் மார்ச் 17! நடுவில் சரியாக 14 வருடம்!

கிரேஸ் இரட்டையருக்கு விஞ்ஞானிகள் வைத்த செல்லப் பெயர் டாம், ஜெர்ரி! ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பூமியைச் சுற்றின. கீழே நிலத்தடி நீர் வற்றினால் அந்த இடத்தின் ஈர்ப்பு துளி குறையும். இடைவெளியும் துளி மாறும். அந்தத் துளியை அளந்து சொன்ன கணக்கு இது: 2002-லிருந்து 2008-க்குள் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பூமி இழந்த தண்ணீர் 109 கன கிலோமீட்டர்!

பயிர் வாடுவதை வானத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இலை காட்டிக்கொடுக்கிறது! நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். வாட வாட இது தலைகீழாக மாறும். இரண்டையும் கழித்து வகுத்தால் ஒரு எண் வரும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் பச்சைப் பசேல். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் வெறும் தரை! தாலுகா தாலுகாவாக வறட்சி அறிவிக்கும்போது அரசு பார்க்கும் எண்களில் இதுவும் ஒன்று.

அந்த அறிவிப்பு எவ்வளவு தூரம் போகும்? 2023-ல் கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி தாலுகாக்கள்! தமிழ்நாடு? 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மொத்தம் 32 மாவட்டமும் வறட்சி மாவட்டம். ஒன்றுகூடத் தப்பவில்லை!

செயற்கைக்கோள் பிறப்பதற்கு 650 வருடத்துக்கும் முன்பிருந்தே வறட்சியைப் பதிவு செய்துவந்த கருவி ஒன்று உண்டு. மரம்! மழை நன்றாகப் பெய்த வருடம் வளையம் தடிக்கும், பொய்த்த வருடம் மெலியும். ஆசியா முழுக்க 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மரவளையங்களை அளந்து, 1300-ஆம் ஆண்டு வரைக்கும் வறட்சி வரைபடம் போட்டுவிட்டார்கள்! வெளியான வருடம் 2010.

அந்த மரங்கள் சாட்சி சொல்லும் மாபெரும் வறட்சிகளில் ஒன்று நம்மைத் தின்றது. 1876 முதல் 1878 வரை. 1871 கணக்கெடுப்பில் மைசூர் சமஸ்தானத்தில் 50 லட்சம் பேர். பத்து வருடம் கழித்து 1881-ல் எண்ணினால் 42 லட்சம்தான்! அன்று மட்டும் ஒரு நிசார் இருந்திருந்தால்?

சரி, வறட்சி வந்துவிட்டது. மாடு என்ன தின்னும்? இங்கேதான் சேதி சுவாரசியமாகிறது!

இந்தியாவில் ஆடு, மாடு, எருமை முதலான கால்நடைகள் எல்லாம் சேர்த்து 2019 கணக்கெடுப்பில் 53 கோடிக்கும் மேல். ஆனால் தீவனத்துக்கென்று பயிரிடும் நிலம்? சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு நாலு பங்குதான்! பசுந்தீவனத்தில் 11 சதவீதமும் உலர்தீவனத்தில் 23 சதவீதமும் பற்றாக்குறை என்கிறது ஜான்சி புல்வெளி ஆராய்ச்சி நிறுவனம். நிலம் இல்லையென்றால் எங்கே விதைப்பது? மரத்தடியில்!

நம் கொங்கு நாட்டுக்காரர்கள் இதை எந்த ஆராய்ச்சி நிலையமும் சொல்லித்தரும் முன்பே செய்துவிட்டார்கள். பெயர் கொரங்காடு! காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் பக்கம் போயிருக்கிறீர்களா? செம்மண்ணும் சரளையுமான வானம் பார்த்த பூமி. வருட மழை 700 மில்லிமீட்டரைத் தொடாது. அதில் மூன்றே செடிகளை வைத்து ஒரு முழு மாட்டுப் பண்ணையை நடத்துகிறார்கள். மூன்றே மூன்று!

ஒன்று, தரையில் கொழுக்கட்டைப் புல். மழை பெய்தால் பச்சை. மழை நின்றால் நின்ற நிலையிலேயே வைக்கோல்! அறுக்க வேண்டாம், போர் போட வேண்டாம், மாடு நேராக வந்து தின்னும். கோடையில் செத்ததுபோல் கிடக்கும் தூர், ஒரு நல்ல மழையில் மறுபடி எழுந்துகொள்ளும்!

இரண்டு, மேலே வெள்வேல மரம். குடைபோல விரிந்து சன்னமான நிழல் தரும். புல்லைக் கொல்லாத நிழல்! புல் தீர்ந்துபோகும் உச்சிக் கோடையில்தான் இதன் காய் பழுத்து உதிரும். புரதம் நிறைந்த காய். தரையில் விருந்து முடிகிற நேரம் பார்த்து மரம் பந்தி வைக்கிறது!

மூன்று, சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளையை ஒடித்து நட்டால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். கம்பி வேண்டாம், கல்தூண் வேண்டாம். ஆள் காவலும் வேண்டாம். மாடு உள்ளே ராவும் பகலும் தானாக மேயும். இந்த வேலிக்குள் வளர்ந்ததுதான் உலகம் அறிந்த காங்கேயம் காளை! திமிலைத் தூக்கிக்கொண்டு அது நிற்கும் அந்த மிடுக்குக்குப் பின்னால் இருப்பது மூட்டைத் தீவனம் அல்ல, ஒரு புல்லும் ஒரு மரமும்!

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இதே மாதிரி மரமும் புல்லும் சேர்ந்த மேய்ச்சல் காடுகள் உண்டு. அவற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் விமானம் ஏறிப் போகிறார்கள். கொரங்காட்டைப் பார்க்கத் திருப்பூரில் பஸ் ஏறினால் போதும்!

கர்நாடகத்துக்கும் இப்படி ஒரு பெருமை உண்டு. அம்ருத் மகால் மாடு! மைசூர் அரசர் சிக்கதேவராஜர் தொடங்கிய 'பெண்ணெ சாவடி' மந்தைக்குத் திப்பு சுல்தான் வைத்த பெயர் இது. மேய்ச்சலுக்கென்றே 'காவல்' என்று புல்வெளிகளை ஒதுக்கி வைத்தார்கள். இந்த மாடுகளைப் பூட்டிக்கொண்டு ஹைதர் அலியின் படை சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் போனது என்கிறது பழைய மைசூர் கெசட்டியர். அந்தக் காலத்து எக்ஸ்பிரஸ்!

ஊரே பச்சையாக இருக்கும்போது மொட்டையாகவும், ஊரே மொட்டையாக இருக்கும்போது பச்சையாகவும் நிற்கும் மரம் ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவின் ஃபைதர்பியா! மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும். கீழே பயிர் தடையில்லாமல் வெயில் குடிக்கும். கோடையில் தழைத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிழலும் காயும் தரும். படைத்தவன் கணக்குப் போட்டுச் செய்த மரம்!

நைஜரில் விவசாயிகள் வெட்டிய மரங்களின் அடிக்கட்டையில் துளிர்த்ததில் நல்ல தளிர்களை விட்டு, மற்றதைக் கழித்து, காத்து வளர்த்தார்கள். இருபது முப்பது வருடத்தில் 50 லட்சம் எக்டேரில் மரம் திரும்பி வந்துவிட்டது. சுமார் 20 கோடி மரங்கள்! ஒரு நாற்றுகூட நடவில்லை!

கோயில்களில் தலமரமாக நாம் கும்பிடும் வன்னி, ராஜஸ்தானில் ஒட்டகத்துக்குச் சோறு! அதன் அடியில் கம்பு மற்ற இடத்தைவிடச் செழிப்பாக வருகிறது. அந்த மரத்தை வெட்ட ஆட்கள் வந்தபோது, 1730-ல் கேஜர்லி கிராமத்து பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்டார்கள். எத்தனை பேர்? 363!

ராத்திரியில் ஒரு செடி இன்னொரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுமா? ஊற்றும்! துவரை ஆழத்துக்கு வேர் விடும். இரவில் அடி ஈரத்தை மேலே இழுத்து, காய்ந்த மேல்மண்ணில் கசியவிடும். பக்கத்தில் நிற்கும் கேழ்வரகு அதைக் குடித்துப் பிழைக்கும். இரண்டு வேரையும் பூஞ்சை இழைகள் குழாய்போல இணைக்கின்றன! இதற்காகத் துவரையையும் கேழ்வரகையும் சேர்த்து வயலில் விதைத்துப் பார்த்த இடங்கள் இரண்டு. ஒன்று நம் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகம். இன்னொன்று நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை!

அந்தக் கேழ்வரகுக்கும் ஒரு கதை உண்டு. இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து லட்சுமணய்யா என்ற கர்நாடக விஞ்ஞானி உருவாக்கிய ரகங்களின் பெயர் 'இண்டாஃப்'. பாதி இந்தியா, பாதி ஆப்பிரிக்கா! தானியம் மனிதனுக்கு, தாள் மாட்டுக்கு. மக்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'ராகி பிரம்மா'!

நிழலிலும் விடாமல் வளரும் தீவனப் புல் வேண்டுமா? கினியா புல்! தென்னந்தோப்பில் தென்னைக்கு நடுவே அமோகமாக வரும். தோப்பும் அதேதான், தண்ணீரும் அதேதான். வரவு மட்டும் இரண்டு!

நல்ல வெயிலும் தண்ணீரும் இருந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் கோ 4 என்ன தரும் தெரியுமா? ஒரு எக்டேரில் வருடத்துக்கு 380 டன் பசும்புல்! யானைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 95 யானை எடை!

சவுண்டல் என்று நாம் சொல்லும் சூபாபுல் மரத்தின் தழை ஒரு புரதச் சுரங்கம். ஆனால் அதில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. அளவு மீறித் தின்றால் மாட்டுக்கு முடி கொட்டும், கழுத்தில் வீக்கம் வரும். ஆஸ்திரேலியாவில் இதனால் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஹவாய்த் தீவு ஆடுகளோ அதையே தின்று கொழுகொழுவென்று திரிந்தன! எப்படி?

ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி அதைத்தான் கேட்டார். விடை ஆட்டின் வயிற்றுக்குள் இருந்தது. நஞ்சைத் தின்று செரிக்கும் ஒரு பாக்டீரியா! ஆட்டின் இரைப்பைச் சாற்றை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்ச் சில மாடுகளுக்குக் கொடுத்தார்கள். மந்தையில் மாட்டிலிருந்து மாட்டுக்கு அது தானாகவே பரவியது. நோய்தானே பரவும்? இங்கே பரவியது மருந்து! 1992-ல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை! ஒரு விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மாடுகளின் வயிற்றில் இன்றும் வாழ்கிறார்!

யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நடும் சீமைக்கிளுவையின் ஊர் அமெரிக்கக் கண்டம். பெயர் கிளைரிசிடியா. ஆட்டுக்குத் தழை, தென்னைக்கு உரம், அடுப்புக்கு விறகு. தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று இலங்கை அரசே அதற்குப் பட்டம் கட்டியிருக்கிறது! வேலியில் நின்ற செடிக்கு வந்த வாழ்வு!

அமாவாசைக் காலையில் அல்சூர் மார்க்கெட் பக்கம் அகத்திக்கீரைக் கட்டு கிடைக்கும். வாங்கிப் பசுவுக்குக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவோம். அந்த அகத்தி வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படரும் கம்பமாக நின்ற மரம்! கொடிக்கு நிழல், மண்ணுக்கு நைட்ரஜன், மாட்டுக்குத் தழை. கும்பிடு போடும்போது அகத்திக்கும் ஒன்று போடுங்கள்!

மர்பி டவுனிலிருந்து ஆடுகோடிக்கு எவ்வளவு தூரம்? ஒரு ஆட்டோ சவாரி. அங்கே இருப்பது தேசிய விலங்கு ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம். மாடு ஏப்பம் விட்டால் வெளியே வருவது மீத்தேன், பூமியைச் சூடாக்கும் வாயு. அதை அடக்க இவர்கள் கண்ட மருந்து 'ஹரித் தாரா'! துவர்ப்புச் சத்துள்ள தாவரங்களிலிருந்து எடுத்தது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறைகிறது! இதற்கும் முன்னால் அவர்கள் பிடித்த சாமான் இன்னும் அருமை. புளியங்கொட்டைத் தோல்! நாம் குப்பையில் கொட்டுவது, அவர்களிடம் மாட்டு மருந்து!

அதே ஆடுகோடியில் 1923-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய பால்பண்ணை நிலையம் இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது. 1927-ல் அங்கே மாடு வளர்ப்புப் படிக்க ஒருவர் வந்தார். பதிவேட்டில் தன்னை 'விவசாயி' என்று எழுதினார். யார்? மகாத்மா காந்தி!

மரமும் பயிரும் மாடும் சேர்ந்த விவசாயத்துக்கென்று தேசியக் கொள்கை வகுத்த முதல் நாடு அமெரிக்காவா, பிரேசிலா? இரண்டும் இல்லை. இந்தியா! ஆண்டு 2014.



கடைசியாக, நம் தெருவுக்கே வருகிறேன். பெங்களூரு சாலையோரமெல்லாம் குடை பிடித்து நிற்கிறதே தூங்குமூஞ்சி மரம், அதன் ஊர் தென் அமெரிக்கா! சாயங்காலம் இலையை மடித்துக்கொள்ளும், மேகம் கறுத்தாலும் மடித்துக்கொள்ளும். மழைத்துளி நேரே தரைக்கு இறங்கும். அதன் வேர் மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும். அடியில் புல் பச்சையாக இருப்பதன் ரகசியம் இதுதான்!

போன கோடையில் கீழே கிடந்த ஒரு காயை எடுத்து உடைத்துப் பார்த்தேன். கறுப்பு. விரல் நீளத்துக்கும் அதிகம். உள்ளே வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுப்பு, விரலில் ஒட்டிக்கொண்டு விடவில்லை. மோந்தால் இனிப்பு வாசனை. தெருவில் திரிந்த ஒரு பசு என் கையிலிருந்தே அதைப் பிடுங்கித் தின்றுவிட்டு, அடுத்த காய்க்குத் தலையை நீட்டியது!

இந்தக் காய் உதிர்வது மார்ச் முதல் மே வரை. தீவனத்துக்கு மாட்டுக்காரர் அல்லாடும் அதே மூன்று மாதம். அப்போதுதான் நாம் அதைச் சருகோடு கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். இந்த மார்ச்சில் வைக்காதீர்கள். ஒரு கோணிப்பையில் அள்ளி, பக்கத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வாருங்கள்!